சோறு வைக்கும் நேரம்

வேலை இல்லாத ஒருவருக்கு நாளின் மிகக் கடினமான நேரம் காலை ஒன்பதரை மணி. எட்டு மணி வரை எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குளியல், காபி, பேப்பர், அவசரம். ஒன்பதரைக்குத் தெரு காலியாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போயிருப்பார்கள், ஆபீஸ்காரர்கள் போயிருப்பார்கள், மில்லில் காலை ஷிப்டு உள்ளவர்கள் விடியும் முன்பே போயிருப்பார்கள். மிஞ்சுவது வயசாளிகளும் கைக்குழந்தைகளும் நாய்களும் வேலை கிடைக்காத இளைஞர்களும்தான். 1983இல் பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். நாற்பது வருஷம் கழித்து 2023இல், சென்னையில் மென்பொருள் வேலையை இழந்த என் மகள் அதே இடத்துக்கு வந்து நின்றாள். இரண்டு காலத்தையும் ஒரே வீட்டுக்குள் பார்த்துவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அன்று பட்டம் வாங்கிய கையோடு செய்யும் முதல் காரியம் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபரில்தான். அதுவரை எங்கள் மாவட்டத் தலைநகரம் திருநெல்வேலி. அங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று, சான்றிதழ்களைக் காட்டிப் பதிவு செய்தால் ஓர் அட்டை தருவார்கள். அம்மா அந்த அட்டையை டிரங்குப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தாள். குறித்த மாதத்தில் புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும் என்ற பயம் எல்லார் வீட்டிலும் இருந்தது. காலண்டரில் அந்த மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார் அப்பா.

பதிந்துவிட்டால் அரசாங்கம் எப்படியும் கூப்பிடும் என்று எங்கள் தெருவில் பலரும் நம்பினார்கள். சட்டம் சொன்னது வேறு. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்தது. அதன்படி அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்களிடமுள்ள காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அந்த அலுவலகம் அனுப்பும் ஆட்களைத்தான் எடுக்க வேண்டும் என்று அதே சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த விவரம் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. ஆனாலும் அந்த அட்டை வீண் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். இவனுக்கு வேலை வேண்டும் என்று ஓர் அரசு ஏட்டில் என் பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்த வயதில் அது பெரிய ஆறுதல்.

விண்ணப்பம் போடுவதற்கே காசும் அலைச்சலும் வேண்டும். தபாலாபீஸில் போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். நம் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறையைக் கூட வைக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய அதிகாரிகளின் வாசலில் நின்று அந்தக் கையெழுத்தை வாங்குவது எளிதில்லை. எங்களுக்குக் கை கொடுத்தவர் அரசு கால்நடை மருத்துவமனை டாக்டர். அவரும் கெஜட்டட் ஆபீசர்தான். ஆடு, மாடு, கோழிகளோடு நிற்கும் கூட்டம் ஓய்ந்த பிறகு எங்களைக் கூப்பிடுவார். அசல் சான்றிதழை நிதானமாகப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், முத்திரை குத்துவார். ஒருநாள் கூட முகம் சுளித்ததில்லை. நகல்களில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்று மத்திய அரசு சொன்னதெல்லாம் 2014 வாக்கில்தான். என் தலைமுறையில் வேலைக்கு முயன்ற பலருக்கு இப்படி ஒரு மாட்டு டாக்டரின் கையெழுத்துத் துணையாக இருந்திருக்கும்.

மத்தியானம் டைப்ரைட்டிங் வகுப்பு. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. சாயங்காலம் டீக்கடை பெஞ்சு. அந்தோணி, காஜா, நான் என்று படித்து முடித்தவர்கள் ஒரு கூட்டமாக இருந்தோம். எங்களைப் பற்றித்தான் சினிமாவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்' இரண்டும் 1980 தீபாவளிக்கு வந்த படங்கள். இரண்டிலும் வேலையற்ற இளைஞர்கள்தான் மையம். வேலையின்மை அன்று ஊரறிந்த விஷயம். ஒருவனுக்கு இன்டர்வியூ கார்டு வந்தால் மற்றவர்கள் சட்டை கொடுப்போம், பேனா கொடுப்போம், பஸ்ஸுக்குச் சில்லறை கொடுப்போம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே, "இன்னைக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்று தலையசைத்துச் சொல்லிவிடுவார். வாசல் வரை எங்களைக் காக்க வைக்கக் கூடாது என்ற கரிசனம் அது.

வீட்டுக்குச் சம்பாதித்தது அக்கா. கோவில்பட்டியில் தீப்பெட்டியாபீஸ் என்றால் தெரியாதவர் இல்லை. விடியும் முன்பே கிராமம் கிராமமாகப் பஸ் வந்து பெண்களையும், அந்தக் காலத்தில் பிள்ளைகளையும் ஏற்றிப் போகும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். அதற்கு முன்பும், அதன் பின்பு சில காலமும் அந்த பஸ்களில் தூங்கி விழுந்த சின்ன முகங்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா குச்சி அடுக்கிக் கொண்டுவந்த கூலியில்தான் நான் போஸ்டல் ஆர்டர் வாங்கினேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நான் சொல்லியாக வேண்டும்.

செவலை எங்கள் வீட்டுக்கு வந்ததும் அக்காவால்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு குட்டி அவள் பின்னாலேயே வந்துவிட்டது. சிப்பிப்பாறை நாய்க்குப் பேர்போன வட்டாரம் எங்களுடையது. முயல் விரட்டும் அந்த ஒல்லி நாய்களைப் பெருமையாக வளர்த்தவர்கள் உண்டு. செவலைக்கு அந்தக் குலப்பெருமை எதுவும் கிடையாது. நிறத்தை வைத்துப் பேர் வைத்தோம். ரேஷன் அரிசிச் சோறு, கம்பங்கூழ், கருவாட்டுத் தலை என நாங்கள் தின்றதில் மிச்சம்தான் அதற்கும்.

"இருக்கிறவங்களுக்கே சோத்தக் காணோம், இதுல நாய் வேறயா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "எய்யா, மத்தியானம் காக்காய்க்கு ஒரு உருண்டை, செவலைக்கு ஒரு கை. இது ரெண்டும் ஒன் பொறுப்பு. அதுக வாயத் தொறந்து கேக்காது. நீதான் நேரம் பாத்து வைக்கணும்."

காக்கை சனீஸ்வரனின் வாகனம், முன்னோர்களின் உருவம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சிவன் கோவிலின் வடகிழக்கு மூலையில் நிற்கும் பைரவருக்கு நாய் வாகனம். எனவே அம்மாவுக்குக் காக்கைக்கும் நாய்க்கும் சோறு வைப்பதும், வெள்ளிக்கிழமை செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் நிற்பதும் தனித்தனிக் காரியங்கள் இல்லை. படிக்காத அவளுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. வேலை இல்லாத மகனுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, அவன் கையால் இன்னோர் உயிர் சோறு தின்ன வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சுவர்மேல் காக்கைகளும் கொல்லை வாசலில் செவலையும் என்னை எதிர்பார்த்தன. ஊரில் வேறெங்கும் என்னை யாரும் எந்த நேரத்துக்கும் எதிர்பார்க்காத காலம் அது.

அந்த நாட்களில் அடுத்த தெருப் பையன் ஒருவனை வெறிநாய் கடித்தது. அன்று அதற்கு வைத்தியம் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. இந்தியாவில் 2004 இறுதியில்தான் அதைக் கைவிட்டார்கள். அந்தப் பையன் ஊசிக்குப் பயந்து அலறியதைத் தெருவே கேட்டது. செவலையைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "சர்டிபிகேட்டோட வருவீங்க, இன்னைக்கு நாயோடயா?" என்று சிரித்தபடி ஊசி போட்டார். மருந்துக்குக் காசு கொடுத்தது அக்கா. தெருவில் மற்ற நாய்களுக்கும் ஊசி போட வைக்க வேண்டும் என்று அந்தோணியும் காஜாவும் நானும் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். பலர் கேட்டார்கள். படிப்பு முடிந்த பிறகு நான் செய்த, ஊருக்குப் பயன்பட்ட முதல் காரியம் அதுதான்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷங்களில் எனக்குக் கடவுள்மேல் கோபம் இருந்தது. அம்மா சஷ்டி விரதம் இருந்தாள். வேலை கிடைத்தால் கழுகுமலைக்கு நடந்து வந்து என் மகன் மொட்டை போடுவான் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டாள். அந்தோணியின் அம்மா காமநாயக்கன்பட்டி பரலோக மாதாவிடம் அவனுக்காக வேண்டிக்கொண்டார். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு நாங்கள் எல்லோருமே போவோம். வீரமாமுனிவர் இருந்து பணி செய்த ஊர் அது. காஜாவின் அத்தா தொழுகை முடிந்து வரும்போது எங்கள் மூன்று பேருக்குமே துவா செய்ததாகச் சொல்வார். இத்தனை பேர் கேட்டும் கொடுக்காத கடவுளிடம் இன்னும் எதற்குக் கேட்கிறாய் என்று ஒருநாள் அம்மாவிடம் கத்தினேன்.

அவள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே சொன்னாள். "குடுக்கதும் குடுக்காததும் அவன் பாடு. நேரத்துக்கு வெளக்குப் பொருத்துறது நம்ம பாடு. அவன் பாட்ட நாம எதுக்குப் பாக்கணும்?"

பக்திக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பெரிய உபந்நியாசங்களிலும் கேட்டதில்லை. அவள் வேண்டுதல் வைத்தாள், ஆனால் விளக்கேற்றுவதை அதற்கு விலையாக வைக்கவில்லை. மாமா ஒருவர் என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போய், ஏழரைச் சனி என்றும் பெரிய பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுவந்தார். கடன் வாங்கிப் பரிகாரம் செய்வதில்லை என்று அப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். "காக்காய்க்குத் தெனம் சோறு வைக்கான்ல, அது போதும்" என்றாள் அம்மா.

காக்கைக்கும் செவலைக்கும் நேரம் பார்த்துச் சோறு வைத்தது ஏன் எனக்கு அவ்வளவு உதவியது என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகம் புரிய வைத்தது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்றொரு ஆலைக் கிராமம். அங்கிருந்த நூற்பாலை 1930 வாக்கில் மூடப்பட்டபோது கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலை இழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் ஆகியோர் குழுவாக அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். கை நிறைய நேரம் இருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியளவுக்குக் குறைந்துபோயிற்று. தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தையே அவர்கள் அளந்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். சமையலும் பிள்ளைகளும் இருந்ததால் பெண்களின் நாள் உடையாமல் இருந்தது. ஆண்களின் நாள் உடைந்துவிட்டது.

அந்த நூலில் என்னை உலுக்கிய செய்தி வேறொன்று. பூனையோ நாயோ காணாமல் போனால் உரிமையாளர்கள் புகார்கூடச் செய்வதில்லை. பசித்த யாரோ அதைத் தின்றிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதே ஊரில், காய்கறி போட்டுக்கொள்ள வேண்டிய துண்டு நிலத்தில் ஒரு பகுதியைப் பூச்செடிக்கு ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். இரண்டும் பசியின் நடுவேதான் நடந்தன. வயிறு மட்டும் நிறைந்தால் மனிதன் தேறிவிட மாட்டான் என்பதற்கு அந்தப் பூச்செடிகளே எனக்குச் சான்று. வேலை தருவது சம்பளத்தை மட்டும் அல்ல. நாளுக்கு ஒரு வடிவம், பிறரோடு ஒரு தொடர்பு, நாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு ஆகியவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விரிவாக எழுதினார். மூன்றாவதாகச் சொன்ன அந்த உணர்வைத்தான் அம்மா ஒரு கைச் சோற்றில் வைத்து என்னிடம் கொடுத்திருந்தாள்.

எனக்கு வேலை கிடைத்தது, வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகவே. ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கழுகுமலைக்கு நடந்து போய் மொட்டை போட்டோம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பாடிக்கொண்டு போன கூட்டத்தோடு அம்மாவும் அக்காவும் செருப்பில்லாமல் நடந்தார்கள். அந்தோணிக்குப் பின்னால் வேலை கிடைத்தது. காஜாவுக்கு அரசு வேலை கிடைக்கவேயில்லை, வயது வரம்பு தாண்டிவிட்டது. மூன்று வீட்டிலும் ஒரே அளவு வேண்டினார்கள். ஆகவே வேலை கிடைத்ததை வைத்துப் பக்தியை அளக்க நான் ஒருபோதும் துணிய மாட்டேன்.

இனி 2023க்கு வருகிறேன். மகளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஒருநாள் காலையில் ஒரு மின்னஞ்சல், அடுத்து ஒரு சிறிய காணொளி அழைப்பு, மத்தியானத்துக்குள் அவளுடைய லேப்டாப்பை நிறுவனம் முடக்கிவிட்டது. கூட வேலை செய்தவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூட வழியில்லை. எங்களிடம் சில வாரம் அவள் சொல்லவில்லை. காலை ஒன்பதரைக்கு வழக்கம்போல் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்திருக்கிறாள். அதைக் கேட்டபோது என் நெஞ்சு வலித்தது. எங்களுக்கு டீக்கடை பெஞ்சு இருந்தது. இவளுக்கு வேளச்சேரியில் வாடகை வீட்டின் ஓர் அறை இருந்தது.

அவளிடம் போனில் நூற்றுக்கணக்கான தொடர்புகள் உண்டு. வேலைத் தொடர்புகளுக்கான இணையதளத்தில், வேலை தேடுவதாகக் காட்டத் தன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் வளையம் போட்டால் தன்னை மதிப்புக் குறைவாகப் பார்ப்பார்களோ என்ற அச்சமும் உண்டு. எங்கள் தபால்காரர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னார். இவளுக்கு எந்திரம் வடிகட்டிய விண்ணப்பத்துக்கு நள்ளிரவில் ஒரு மறுப்பு வரும், பெரும்பாலும் அதுவும் வராது. எங்கள் கஷ்டத்தை ஊர் பங்கிட்டுக்கொண்டது. இவள் தலைமுறையின் கஷ்டம் வெளியே தெரிவதே அவமானம் என்றாகிவிட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் நான் காணும் மிகப் பெரிய வித்தியாசம் இதுதான், சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைவிடவும் பெரியது.

உதவித் திட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தோம். வேலை போய் ஒரு மாதமானால் பி.எஃப். சேமிப்பில் முக்கால் பங்கை எடுக்கலாம் என்று 2018இல் விதி வந்திருந்தது. அது அவளுடைய சொந்தப் பணம்தான். வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் சில மாதம் பாதிச் சம்பளம் கிடைக்க அப்போது வழியிருந்தது, ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வரவில்லை. தமிழக அரசு 2006இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தில் பட்டதாரிக்கு அப்போது மாதம் 600 ரூபாய். அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல சம்பளம் வாங்கியவர் ஒரே நாளில் எதுவும் இல்லாதவராகும்போது அவரைத் தாங்கிப்பிடிக்க நம்மிடம் உறுதியான ஏற்பாடு இல்லை. இ.எம்.ஐ. தேதி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

"ஊருக்கு வந்துரு தாயி, கொஞ்ச நாள் இங்க இரு" என்றாள் என் மனைவி.

"சுண்டுவ விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

சுண்டு அவள் வளர்க்கும் பூனை. அடுக்குமாடி வண்டி நிறுத்துமிடத்தில் தாயில்லாமல் கிடந்த குட்டி. வருஷா வருஷம் தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன், மூட்டையில் வாங்கும் தீவனம் என்று செவலை கண்டிராத செலவெல்லாம் அதற்கு உண்டு. சம்பளம் நின்ற பிறகு அவள் முதலில் நிறுத்தியது தன் ஜிம்மை, பிறகு வெளியில் சாப்பிடுவதை. சுண்டுவின் தீவனத்தைக் குறைக்கவில்லை. "வேலை இல்லாதப்ப பூனை எதுக்கு, யார்கிட்டயாவது குடுத்துரு" என்று அவளுக்கும் சிலர் சொன்னார்கள்.

"அதையும் தூக்கிட்டு வா" என்றாள் என் மனைவி. வாடகைக் காரில் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

மகள் பின்னொரு நாள் சொன்னாள். "அந்த மாசம் காலையில எந்திரிக்கவே தோணாதுப்பா. சுண்டு அஞ்சு மணிக்கு வந்து கால்ல முட்டும். தட்டு காலியா இருக்குன்னு கூப்பிடும். அதுக்காக எந்திரிப்பேன். எந்திரிச்சிட்டா அப்புறம் பல் தேய்ப்பேன், காபி போடுவேன். அது இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு முன் என் அம்மா யோசித்துச் செய்த ஏற்பாட்டை, இவளுக்கு யாரும் சொல்லாமலே ஒரு பூனை செய்து கொடுத்திருந்தது.

கோவில்பட்டியில் சுண்டுவுக்குத் தடுப்பூசி போட அதே அரசு கால்நடை மருத்துவமனைக்குத்தான் போனாள். இப்போது வேறு டாக்டர், ஒரு இளம்பெண். வரிசையில் ஆட்டோடு நின்ற ஒரு அக்கா, கால்நடை வளர்ப்புக்குக் கடன் அட்டை வாங்கும் மனுவை நிரப்பத் தெரியுமா என்று இவளிடம் கேட்டிருக்கிறார். நிரப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். சுண்டுவைப் பார்க்க வரும் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தாள். ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் மறுபடியும் ஆள் நடமாட்டம் வந்தது.

மகளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பத்து வருஷமாக அதை நேராகவே சொல்லி வருகிறாள். அவளை மாற்ற நாங்கள் முயன்றதில்லை. உறவினர்கள் வாட்ஸ்அப்பில் பரிகாரத் தலங்களின் பட்டியல் அனுப்பினார்கள். என் மனைவி ஒன்றையும் அவளிடம் காட்டவில்லை. ஆறு மணிக்கு விளக்குப் பொருத்துவாள், மகளுக்கும் சேர்த்துக் கும்பிடுவாள், கூப்பிட மாட்டாள். சில நாள் கழித்து மகள் தானாகவே அந்த நேரத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். கும்பிடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். அது நம்பிக்கையா இல்லையா என்று நான் ஆராயவில்லை. வீட்டில் ஒருவர் தவறாமல் தனக்காக ஒரு காரியம் செய்வதைப் பார்ப்பதே தெம்பு தரும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கழுகுமலைக்கு ஒருநாள் போனோம். முருகன் சந்நிதியில் நாங்கள் நின்றபோது அவளும் அமைதியாக நின்றாள். பிறகு மலையேறினோம். பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களையும், கீழேயுள்ள வட்டெழுத்துகளையும் நெடுநேரம் பார்த்தாள். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன என்றதும் அவள் முகம் மலர்ந்தது. வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிக்கொண்டே வந்தவர்கள், அடிப்பகுதி முடியுமுன் நிறுத்திவிட்டார்கள். வேலையற்ற நாட்களில் நானும் அங்கே வந்து உட்கார்ந்ததுண்டு.

"முடிக்கலதான்," என்றாள் மகள், "ஆனா செஞ்ச வரைக்கும் எவ்வளவு நேர்த்தியா செஞ்சிருக்காங்கப்பா. நாளைக்கு நின்னுபோகும்னு நெனச்சு யாரும் இந்த வேலையச் செய்யல." அந்தப் பேச்சில் பழைய தெளிவு திரும்பியிருந்தது.

இதை எழுதும்போது அவள் இன்னும் நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு சிறிய நிறுவனத்தில் பகுதிநேரமாகச் சில வேலைகள் செய்கிறாள். முழு வேலை கிடைத்த பிறகு எழுதலாம் என்று நான் காத்திருக்கவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேலை கிடைப்பதைப் பற்றி இல்லை. கிடைக்காத நாட்களில் ஒரு மனிதர் எப்படி முழுதாக இருப்பது என்பதைப் பற்றி.

வேலை இழந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரிடம் தினமும் "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அவரே சொல்வார். அதற்குப் பதிலாக ஒரு பொறுப்பை, நேரம் குறித்துக் கொடுங்கள். தாத்தாவுக்கு மருந்து கொடுப்பதாக இருக்கலாம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதாக இருக்கலாம். அவர் ஒரு நாயையோ பூனையையோ வளர்த்தால் அதை வீண் செலவு என்று சொல்லாதீர்கள்; அவரை எழுப்பி நடமாட வைப்பது அந்த உயிராக இருக்கக்கூடும். உங்களுக்குப் பக்தி இருந்தால் அவருக்காகக் கும்பிடுங்கள், ஆனால் அவருடைய கஷ்டத்துக்குக் கிரகத்தையோ வினையையோ காரணமாக அவர் தலையில் ஏற்றாதீர்கள். கடன் வாங்கிப் பரிகாரம் செய்யச் சொல்லாதீர்கள். தெருவில் அவரைப் பார்த்தால் நின்று பேசுங்கள்.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. வேலை போன மறுமாதமே கைக்கு வரும்படி, உழைக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு காப்பீடு வேண்டும். அதை நம் பிள்ளைகளின் தலைமுறை உரிமையாகக் கேட்க வேண்டும், நாமும் கூட நின்று கேட்க வேண்டும். சம்பளத்துக்கு மாற்றுத் தருவது நாட்டின் கடமை. 'நீ எங்களுக்கு வேண்டும்' என்ற உணர்வைத் தருவது வீட்டின் கடமை, தெருவின் கடமை. அதற்கு எந்தச் சட்டமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.